பத்தடி ஓடினா மூச்சு வாங்கும் மாவீரன்

டிஸ்கி: கேம் பக்கமே தலை வச்சுப் படுக்காதவங்களும் தைரியமா உள்ள வரலாம். பதிவு கொஞ்சம் நீளம். டீ போட்டு பக்கத்துல வச்சுக்கிட்டு உட்காருங்க.

ரெண்டு வருஷமா நானும் ரூம்மேட்டும் சேர்ந்து ஒரு கேம் எழுதிட்டு இருக்கோம். பகல்ல ஆபீஸ்ல ஆணி புடுங்கிட்டு, ராத்திரி பத்துலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் இது. வாள், கவசம், குகை, மந்திரவாதின்னு ஒரு சின்ன ஃபேண்டஸி ஆர்.பி.ஜி. கதையும் படமும் அவன். பொட்டி தட்டுறது நான்.

போன மாசம் நான் ஸ்டாமினா எழுதி முடிச்சேன். அதாவது நம்ம ஹீரோவுக்கு எவ்வளவு தெம்பு மிச்சம் இருக்குன்னு காட்டுற பச்சைப் பட்டை. ஓடினா குறையும், வாள் வீசினா குறையும், கவசத்தோட எடைக்கு ஏத்த மாதிரி இன்னும் வேகமா குறையும். நின்னா மெல்ல ஏறும். இதோட நான் நிறுத்தல. கால்ல மாட்டுற கவசத்துக்குத் தனியா ஒரு பெருக்கல், மேட்டுல ஏறினா ஒண்ணு, வெயிலுக்கு ஒண்ணு. எல்லாம் படிச்சு, கணக்குப் போட்டு, 340 வரி. இஞ்சினியரிங் படிச்சதுக்கு இப்பத்தான் ஒரு அர்த்தம் வந்துச்சுன்னு எனக்கே ஒரு பெருமை.

அவன் இருபது நிமிஷம் ஆடினான். கிராமத்துலேர்ந்து முதல் குகை வரைக்கும் போறதுக்குள்ள நாலு தடவை நின்னு மூச்சு வாங்க வேண்டியிருந்துச்சு. லேப்டாப்ப மூடினான்.

"டேய், எனக்குப் பொறந்ததுலேர்ந்து இந்தப் பட்டை இருக்குடா. இங்கயும் எதுக்கு?"

அவனுக்குச் சின்ன வயசுலேர்ந்து வீசிங். பாக்கெட்ல இன்ஹேலர் இல்லாம தெருமுனைக்கடைக்குக் கூட போக மாட்டான். ஆறு வருஷமா ஒரே ரூம்ல இருக்கேன், இது எனக்குத் தெரியாததில்ல. ஆனா அந்த 340 வரி எழுதும்போது ஒரு தடவை கூட அது ஞாபகத்துக்கு வரல.

என்ன பதில் சொல்றதுன்னு தெரியல. "ரியலிசம்டா"ன்னு மட்டும் முணுமுணுத்தேன். "ஆமா, டிராகன் இருக்குற ஊர்ல ரியலிசம்"னு சொல்லிட்டுப் படுக்கப் போயிட்டான்.

நிற்க. நம்ம பழக்கம்தான் தெரியுமே, வாதத்துல தோத்தா வரலாற்றைத் தோண்டுறது. இந்தப் பச்சைப் பட்டை எங்கேர்ந்து வந்துச்சு, யார் யார் என்னென்ன பண்ணிப் பார்த்தாங்க, எது எடுபட்டுச்சு, எது புட்டுக்கிச்சுன்னு ஒரு மாசமா நோண்டிட்டு இருந்தேன். அதுதான் இந்தப் பதிவு.

எல்லாத்துக்கும் ஆதி 1974. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன்னு ரெண்டு அமெரிக்கர்கள் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வெளியிட்ட வருஷம். கம்ப்யூட்டர் கிடையாது. காகிதம், பென்சில், பகடை. ஒருத்தர் நடத்துவார், மத்தவங்க ஆடுவாங்க. இவங்க ரெண்டு பேரும் பொம்மைப் படைகளை மேஜையில நகர்த்தி ஆடுற போர் விளையாட்டுலேர்ந்து வந்தவங்க. அதனால படை நடந்தா களைக்கும்ங்கற நினைப்பு அவங்களுக்கு முன்னாடியே உண்டு. அந்த முதல் பதிப்புலயே ஒரு விதி இருக்கு. குகைக்குள்ள நேரத்தைப் பத்து பத்து நிமிஷமா எண்ணணும், ஒரு பத்து நிமிஷத்துக்குப் பேரு ஒரு 'டர்ன்'. ஆறு டர்னுக்கு ஒரு டர்ன் சும்மா உட்கார்ந்து ஓய்வெடுக்கணும். அதாவது மணிக்குப் பத்து நிமிஷம்.

பார்த்தா ரியலிசம் மாதிரிதான் தெரியுது, இல்லையா? எனக்கும் அப்படித்தான் தெரிஞ்சுது. ஆனா பக்கத்துல இருக்குற மத்த விதிகளையும் சேர்த்துப் படிச்சாத்தான் சூட்சுமம் புரியும். ஒவ்வொரு டர்ன் முடிவுலயும் நடத்துறவர் ஒரு பகடை உருட்டுவார். ஆறு விழுந்தா, குகையில சுத்திட்டு இருக்குற ஏதோ ஒரு ஜந்து உங்க முன்னாடி வந்து நிக்கும். கையில இருக்குற தீப்பந்தம் எரிஞ்சு தீர்ந்துக்கிட்டே இருக்கும். அப்போ ஓய்வெடுக்குற அந்தப் பத்து நிமிஷத்துக்கு உங்களுக்கு ஆகுற செலவு என்ன? தீப்பந்தத்துல ஒரு பங்கு, கூடவே ஒரு பகடை உருட்டு. களைப்புங்கற பேர்ல அவங்க எழுதினது கடிகாரம். "உள்ள எவ்வளவு தூரம் போகப் போற? திரும்பி வர வெளிச்சம் இருக்கா?"ன்னு கேட்குற கடிகாரம்.

ஆனா சண்டையில களைப்பே கிடையாது. ஐம்பது உயிர்ப்புள்ளி இருக்குறவனும், ஒரே ஒரு புள்ளி மிச்சம் இருக்குறவனும் ஒரே வேகத்துல வாள் வீசுவான். இது அநியாயம்னு அப்பவே நிறைய பேர் எகிறியிருக்காங்க. கைகாக்ஸ் 1979ல வந்த டஞ்சன் மாஸ்டர்களுக்கான வழிகாட்டிப் புத்தகத்துல இதுக்கு விளக்கம் கொடுத்தார். உயிர்ப்புள்ளின்னா உடம்புல இருக்குற சதை ரத்தம் மட்டும் இல்ல, திறமை, அதிர்ஷ்டம், தப்பிக்கிற சாமர்த்தியம் எல்லாம் சேர்ந்ததுதான்னு. அதே புத்தகத்துல, நிஜத்தை நகலெடுக்குற கட்சி ஒண்ணு, விளையாட்டுக் கட்சி ஒண்ணுன்னு பிரிச்சு, தன் விளையாட்டு ரெண்டாவது கட்சிதான்னு வெளிப்படையா எழுதியிருக்கார். மனுஷன் கேட்டதும் சொல்லிட்டாரு. நாமதான் அம்பது வருஷமா மறுபடி மறுபடி கேட்டுக்கிட்டு இருக்கோம்.

இன்னொரு பக்கம், 1975ல கென் செயின்ட் ஆண்ட்ரேங்கறவர் 'டனல்ஸ் அண்ட் ட்ரோல்ஸ்'னு ஒண்ணு கொண்டு வந்தார். அதுல மந்திரவாதி மந்திரம் போட்டா அவனோட பலப்புள்ளி குறையும். பெரிய மந்திரம்னா பெரிய வெட்டு. கேட்க சின்ன விஷயம்தான். ஆனா களைப்பை ஒரு காசு மாதிரி ஆக்குன இடம் இது. செலவு பண்றதா வேண்டாமான்னு ஆடுறவன் தானே முடிவு பண்றான். சும்மா நடந்ததுக்கு அபராதம் கட்டுறதில்ல.

நம்ம கட்சி, அதாவது ரியலிசம் கட்சி, கொடி நாட்டுன வருஷம் 1984. 'ரூன்க்வெஸ்ட்' விளையாட்டோட மூணாம் பதிப்பு. பலம், உடற்கட்டு ரெண்டையும் கூட்டு. அதுலேர்ந்து நீ சுமக்குற எடையைக் கழி. மிச்சம்தான் உன் களைப்புப்புள்ளி. சண்டையில ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு புள்ளி போகும். பூஜ்யத்துக்குக் கீழ போனா, போன ஒவ்வொரு புள்ளிக்கும் உன் திறமையில அந்த அளவு சதவீதம் குறையும். படிச்சதும் கண்ல ஒத்திக்கிட்டேன், அவ்வளவு அழகான கணக்கு.

இப்ப இதை மேஜையில ஆடிப் பாருங்க. அஞ்சு பேர் ஆடுறாங்க, எதிர்ல பத்து பூதம். ஒவ்வொரு சுற்றுக்கும் பதினஞ்சு கழித்தல். காகிதத்துல அழிச்சு அழிச்சு ஓட்டை விழும். பலம் 13, உடற்கட்டு 12, சுமை 15ன்னு வச்சுக்கிட்டா மிச்சம் 10. பத்து சுற்று வரைக்கும் எந்த வித்தியாசமும் இல்ல. ரூன்க்வெஸ்ட் சண்டை உக்கிரமானது, பத்து சுற்றுக்குள்ள பெரும்பாலும் யாராவது கை காலை இழந்து சண்டையே முடிஞ்சிருக்கும். நூறு கழித்தல் போட்டு, அதோட பலன் வர்றதுக்கு முன்னாடியே கடையைச் சாத்துற கதை. அதனாலதான் நிறைய மேஜைகள்ல இந்த விதியை நைசா ஒதுக்கி வச்சுட்டு ஆடினாங்க.

அட, கழிக்கிறதுதானே பிரச்சினை, கம்ப்யூட்டர்கிட்ட கொடுத்தா போச்சுன்னு உங்களுக்குத் தோணும். எனக்கும் தோணுச்சு. கம்ப்யூட்டர் கணக்கு வாத்தியார் இல்லாம கழிக்கும், அலுத்துக்காது, பென்சில் கேட்காது. ஆனா அங்கயும் கதை வேற மாதிரிதான் போச்சு.

1980 வாக்குல கலிபோர்னியா பல்கலைக்கழக மாணவர்கள் மைக்கேல் டாயும் க்ளென் விச்மனும் 'ரோக்'னு ஒண்ணு எழுதுனாங்க. யூனிக்ஸ் திரையில எழுத்துக்களாலயே வரைஞ்ச குகை. நீங்க '@'. அதுல பசி உண்டு. கொஞ்ச நேரம் சாப்பிடலன்னா பசிக்குதுன்னு வரும், அப்புறம் பலவீனம், அப்புறம் மயக்கம், கடைசியா சாவு. இதை நானும் ரியலிசம்னுதான் ரொம்ப நாள் நினைச்சுட்டு இருந்தேன். ஆனா அந்த விளையாட்டுல காயம் தானா ஆறும், நேரம் போனா போதும். பசி இல்லன்னா என்ன பண்ணுவீங்க? ஒவ்வொரு சண்டைக்கு அப்புறமும் ஒரு மூலையில நின்னு, காயம் முழுசா ஆறுற வரைக்கும் ஒரே பட்டனை அமுக்கிட்டே இருப்பீங்க. ஜெயிப்பீங்க, ஆனா தூங்கிடுவீங்க. அதைத் தடுக்கத்தான் பசி. இருக்குற சோறு கொஞ்சம், அடுத்த சோறு கீழ்த்தளத்துலதான் இருக்கும், இறங்கு. இதுல உடம்பைப் பத்தின அக்கறை துளியும் இல்ல. இருந்தும் அந்த '@' மயங்கி விழும்போது நமக்கு வயிறு என்னமோ பண்ணும்.

1987ல அடாரி எஸ்.டி. கம்ப்யூட்டருக்கு வந்த 'டஞ்சன் மாஸ்டர்'லதான் உயிர், தெம்பு, மந்திரசக்தின்னு மூணு பட்டை பக்கத்துல பக்கத்துல நின்னுச்சு. இன்னைக்கு வரைக்கும் நாம பார்க்குற அதே மூணு. வாள் வீசினா தெம்பு குறையும், தெம்பு குறைஞ்சா சுமக்குற திறனும் குறையும், அடியோட தீர்ந்தா உயிர்ல கை வைக்கும். அப்புறம் 1993ல ஜப்பான்லேர்ந்து 'சீக்ரெட் ஆஃப் மனா'. ஒரு வெட்டு வெட்டினா கீழ ஒரு எண் சரசரன்னு 100க்கு ஏறும். நூறு ஆகுறதுக்கு முன்னாடியே வெட்டினா அடி சொத்தையா விழும். பொறுமைக்கும் அவசரத்துக்கும் நடுவுல ஒண்ணு ரெண்டு விநாடி. இதை மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

இப்ப என் குலதெய்வத்துக்கு வர்றேன். 'மாரோவிண்ட்', 2002. நான் ஆடினது ஹாஸ்டல்ல, ரொம்ப லேட்டா, எவனோ கொடுத்த பென்டிரைவ்லேர்ந்து. (எப்படிக் கிடைச்சுதுன்னு கேட்காதீங்க, சின்னப் பசங்க. பின்னாடி காசு கொடுத்து வாங்கிப் பாவத்தைக் கழுவிட்டேன் :-))

மாரோவிண்ட்ல கப்பல்லேர்ந்து இறங்குவீங்க. செய்டா நீன்னு ஒரு சேத்து கிராமம். ஊரைத் தாண்டினதும் தண்ணி ஓரமா ஒரு நண்டு. முதல் எதிரி, உலகத்துலயே சப்பையான எதிரி. ஓடிப்போய் வாளை வீசுவீங்க. வாள் நண்டு மேல பட்டு உள்ள புகுந்து வெளிய வர்றது கண்ணுக்குத் தெரியும். ஆனா 'விர்'னு காத்துல வீசுன சத்தம் மட்டும்தான் வரும். மறுபடி வீசுவீங்க. விர். விர். நண்டு உங்களைக் கிள்ளிக் கிள்ளியே கொன்னுடும்.

ஏன்னா நீங்க ஓடி வந்தீங்க. ஓடினா தெம்பு குறையும். அடி படுதா இல்லையாங்கறதை உள்ளுக்குள்ள ஒரு பகடை முடிவு பண்ணுது, அந்தப் பகடையில தெம்புக்கும் பங்கு உண்டு. உள்ள இருக்குற சூத்திரத்தை ரசிகர்கள் குடைஞ்சு எடுத்து எழுதி வச்சிருக்காங்க. தெம்பு முழுசா இருந்தா உங்க திறமையை 1.25 ஆல பெருக்கும், காலின்னா 0.75 ஆல. அடிக்கு மட்டும் இல்ல, மந்திரத்துக்கும், கடைக்காரன்கிட்ட பேரம் பேசுறதுக்கும் இதே பெருக்கல்தான். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கிக்கிட்டு வந்து விலையைக் குறைன்னு கேட்டா எவன் குறைப்பான்? யோசிச்சா எவ்வளவு நியாயம்! ஒரு மென்பொருள்காரனா நான் இதுக்குக் கோயிலே கட்டுவேன்.

ஆனா ஆடுறவனுக்கு எதுவும் தெரியாது. விலை கட்டுன இடம் ரோட்டுல, தண்டனை கிடைக்குற இடம் நண்டுகிட்ட. ரெண்டுக்கும் நடுவுல இருக்குற தொடர்பு கண்ணுக்குத் தெரியவே தெரியாது. சரி, தெரிஞ்சுக்கிட்டான்னே வச்சுக்குவோம், அப்பவும் அவனுக்கு இருக்குற தேர்வு என்ன? ஆளே இல்லாத ரோட்டுல ஓடலாம், இல்ல நடக்கலாம். நடந்தா நிஜ வாழ்க்கையில உட்கார்ந்திருக்குற அவனோட நேரம் போகும். அதாவது ஹீரோவோட உடம்பு நிஜமா இருக்கணும்ங்கறதுக்காக, நாற்காலியில இருக்குறவனோட ராத்திரி பத்து டு பன்னெண்டைப் பிடுங்குறோம். என் 340 வரி பண்ணினதும் அதேதான். குலதெய்வத்துகிட்டேர்ந்து நல்லதை விட்டுட்டு நண்டை மட்டும் தூக்கிட்டு வந்திருக்கேன்.

அதே கம்பெனி, 2006ல 'ஆப்ளிவியன்'ல வாள் பட்டா பட்டதுதான்னு மாத்திடுச்சு. தெம்பு குறைஞ்சா அடியோட வலு குறையும், அவ்வளவுதான். ஓடினா பட்டை இறங்காது. 2011ல 'ஸ்கைரிம்' வந்தப்போ சாதாரண ஓட்டத்துக்குச் செலவே இல்ல, தலைதெறிக்க ஓடுறதுக்கும் ஓங்கி அடிக்கிறதுக்கும் மட்டும்தான். அதுலயும் ஒரு காமெடி. முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு, தக்காளி, லீக்ஸ் போட்டு ஒரு காய்கறி சூப் வைக்கலாம். குடிச்சா 720 விநாடிக்கு, விநாடிக்கு ஒரு புள்ளி தெம்பு ஏறும். ஓங்கி அடிக்கத் துளி தெம்பு இருந்தா போதும். ஆக, ஒரு கிண்ணம் சூப்பைக் குடிச்சுட்டு பன்னெண்டு நிமிஷம் நிக்காம ஓங்கி ஓங்கி அடிச்சுக்கிட்டே போகலாம். எங்க ஹாஸ்டல் மெஸ்லயும் கிட்டத்தட்ட அதே காய்கறி சூப்தான், குடிச்சா நேரா தூக்கம்தான் வரும்.

நடுவுல 2004ல நடந்த ஒரு கூத்தைச் சொல்லியே ஆகணும். 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' வெளியாகுறதுக்கு முன்னாடி சோதனை ஓட்டத்துல, ரொம்ப நேரம் தொடர்ந்து ஆடினா உங்க ஹீரோ களைச்சுப் போய், கிடைக்குற அனுபவப்புள்ளி பாதியாகும். ஜனங்க கொதிச்சுட்டாங்க. பின்னாடி ப்ளிஸ்ஸார்டோட ராப் பார்டோ இதை ஒரு பேச்சுல சொன்னார். அவங்க எண்ணை மாத்தல, பேரை மாத்தினாங்க. முன்னாடி 'சாதாரணம்'னு இருந்ததை 'ஓய்வெடுத்தவருக்கு 200 சதவீதம்'னாங்க. முன்னாடி 'களைப்பு, பாதி'ன்னு இருந்ததை 'சாதாரணம், 100'னாங்க. எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். எங்க ஆபீஸ்ல அப்ரைசல் கடிதம் எழுதுறவங்க இதைப் படிச்சிருப்பாங்கன்னு ஒரு சந்தேகம் உண்டு.

இப்ப 2009. ஹிதேதாகா மியாசாகி. ஆரக்கிள் கம்பெனியில வேலை பார்த்துட்டு இருந்து, 29 வயசுல சம்பளத்தைக் குறைச்சுக்கிட்டு ஃப்ரம்சாஃப்ட்வேர்ங்கற கேம் கம்பெனிக்குத் தாவுன ஆளு. (இந்த வரியை எங்க அம்மா படிச்சுடக் கூடாது.) அவர் இயக்கின 'டீமன்ஸ் சோல்ஸ்', அப்புறம் 2011ல 'டார்க் சோல்ஸ்'. ரெண்டுலயும் ஒரு பச்சைப் பட்டை. வெட்டணுமா, அதுலேர்ந்துதான். உருண்டு தப்பிக்கணுமா, அதுலேர்ந்துதான். கேடயத்துல அடி வாங்கணுமா, அதுவும் அதுலேர்ந்துதான். எல்லாத்துக்கும் ஒரே கல்லாப்பெட்டி. கேடயத்தைத் தூக்கிப் பிடிச்சுட்டே இருந்தா பட்டை மெதுவாத்தான் ஏறும். அதனால மூச்சு வாங்கணும்னா கேடயத்தைக் கொஞ்சம் இறக்கணும், ராட்சசன் கண்ணெதிர்ல நிக்கும்போதே. எப்ப இறக்குறதுங்கறதுதான் மொத்த விளையாட்டும்.

இன்னொரு வெட்டு வெட்டினா அவன் செத்துடுவான் போல இருக்கு. பட்டையில துளிதான் மிச்சம். வெட்டினா, அப்புறம் உருள முடியாது. வெட்டலாமா? நூத்துக்குத் தொண்ணூறு தடவை நான் வெட்டுவேன், நூத்துக்குத் தொண்ணூறு தடவை நான் சாவேன். சடுகுடு ஆடினவங்களுக்கு இது உடனே புரியும். ஒரே மூச்சுல பாடிட்டுப் போயிருக்கீங்க, கோடு பின்னாடி இருக்கு, முன்னாடி இன்னொருத்தன் தொடுற தூரத்துல நிக்கறான். மூச்சு காணுமா? இப்ப புரோ கபடியில 30 விநாடி கடிகாரம் வச்சு இருக்காங்க, அது வேற விஷயம்.

இதுல ரியலிசம் எவ்வளவுன்னு பார்த்தா, கிட்டத்தட்ட பூஜ்யம். பட்டை காலியாகி ரெண்டு மூணு விநாடியில நிரம்பிடும். இரும்புக் கவசம் போட்ட எந்த மனுஷனுக்கும் அப்படித் தெம்பு திரும்பாது. அதே 2011ல இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்துல கிரஹாம் ஆஸ்க்யூ குழு ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க. 15ஆம் நூற்றாண்டுக் கவசத்தோட நகலை, அதைப் போட்டுச் சண்டை செஞ்சு காட்டுற பழக்கம் உள்ளவங்களுக்கு மாட்டி, டிரெட்மில்ல நடக்க விட்டு, ஓட விட்டு, மூச்சை அளந்தாங்க. கவசம் போட்டு நடந்தா, போடாம நடக்குறதை விட ரெண்டு மடங்குக்கும் மேல சக்தி செலவாகுது. முக்கியமா கால்ல கட்டின இரும்பு, ஒவ்வொரு எட்டுக்கும் அதைத் தூக்கி ஆட்ட வேண்டியிருக்கே, அது முதுகுல சுமக்குற எடையை விட அதிகமா வாங்குது. மார்புக் கவசத்தால ஆழமா மூச்சு இழுக்க முடியாம, குட்டிக் குட்டியா, வேகமா மூச்சு விடுறாங்க. என் கோடுல கால் கவசத்துக்குத் தனிப் பெருக்கல் எங்கேர்ந்து வந்துச்சுன்னு இப்ப தெரிஞ்சிருக்குமே!

நிஜத்தை அளந்து எழுதுன என் பட்டை, யாருக்கும் மூச்சு வாங்குற உணர்வைக் கொடுக்கல. எரிச்சலைத்தான் கொடுத்துச்சு. நிஜத்துக்குச் சம்பந்தமே இல்லாத மியாசாகியோட பட்டை, உட்கார்ந்த இடத்துல நம்மளை மூச்சைப் பிடிக்க வைக்குது. ஏன்னா அது ஒரு கேள்வியை, நான் பதில் சொல்லக்கூடிய நேரத்துல, பதிலோட விளைவு அடுத்த விநாடியே தெரியிற மாதிரி கேட்குது. என்னுது கேள்வியே கேட்கல. வரி வசூல் பண்ணுச்சு.

டார்க் சோல்ஸ்ல ஆளில்லாத இடத்துல ஓடினாலும் பட்டை குறையும். அதே கம்பெனி 2022ல 'எல்டன் ரிங்'னு பரந்து விரிஞ்ச உலகத்தைக் கட்டினப்போ, பக்கத்துல எதிரி இல்லன்னா எவ்வளவு ஓடினாலும் குறையாதுன்னு வச்சுட்டாங்க. எதிரி பார்த்துட்டான்னா பழையபடி. பச்சைப் பட்டையை வச்சே பேர் வாங்கினவங்க, வெறும் ரோட்டுல அதைக் கழட்டி வச்சுட்டாங்க. இதைக் கவனிச்ச அன்னைக்கு எனக்குப் பாதி பதில் கிடைச்சுடுச்சு.

பாதிதான். ஏன்னா உடனே 'பிரெத் ஆஃப் தி வைல்ட்' (2017) குறுக்க வந்து நிக்குது. அதுல நடமாட்டத்துக்குத்தான் தெம்பே. பாறையில ஏற, நீந்த, காத்துல மிதக்க. இருந்தும் யாரும் திட்டறதில்ல. கீழ நின்னு பாறையை அண்ணாந்து பார்த்து, இந்த வளையம் உச்சி வரைக்கும் தாங்குமா, நடுவுல காலூன்ற ஒரு திட்டு இருக்கா, மழை வந்தா வழுக்குமேன்னு கணக்குப் போடுவோம். அங்க பாறைதான் எதிரி. ஆக, நடக்குறதுக்கு விலை வைக்கிறது தப்பில்ல. கிராமத்துலேர்ந்து குகைக்குப் போற என்னோட ரோட்டுல ஒரு பாறை கூட இல்ல, அதுதான் தப்பு.

மொபைல் பக்கம் நடந்ததைப் பத்தி அதிகம் பேச இஷ்டம் இல்ல. 2012ல ஜப்பான்ல வந்த 'பசில் அண்ட் டிராகன்ஸ்' மாதிரி விளையாட்டுகள்ல ஸ்டாமினான்னா, இன்னும் எத்தனை ஆட்டம் ஆடலாம்ங்கற அனுமதிச் சீட்டு. தீர்ந்தா காத்திரு, இல்ல காசு கொடு. களைக்குறது ஹீரோ இல்ல, நம்ம பர்ஸ். கைகாக்ஸோட கடிகாரம் கடைசியில கல்லாவுல வந்து நின்னுடுச்சு.

இதெல்லாம் சேர்த்து வச்சுக்கிட்டு, போன ஞாயித்துக்கிழமை அவன்கிட்ட போனேன். எனக்கு ஒண்ணு மட்டும் உறுத்திக்கிட்டே இருந்துச்சு. இவன் டார்க் சோல்ஸ் பைத்தியம். மூணு தடவை முடிச்சவன். இருக்குறதுலயே கறாரான தெம்புப் பட்டை அதுலதான். "அதுல மட்டும் உனக்கு வலிக்கலையா?"ன்னு கேட்டேன்.

படம் வரைஞ்சுக்கிட்டே சொன்னான். "அதுல எவ்வளவு மூச்சு மிச்சம் இருக்குன்னு கண்ணுக்குத் தெரியும்டா. தீர்ந்தாலும் ரெண்டு செகண்டுல திரும்பி வந்துடும். கண்டிப்பா வரும்." கொஞ்ச நேரம் கழிச்சு, "எனக்கு ராத்திரி இழுக்கும்போது அது ரெண்டுமே தெரியாது"ன்னான்.

அப்புறம் பேனாவை வச்சுட்டு, கால் கவசப் பெருக்கலை மட்டும் வச்சுக்கலாம்னு அவனே சொன்னான். சண்டையில மட்டும். கனமான காலணி போட்டா உருளுறது மெதுவாகணும், ஆனா உதைச்சா எதிரி தூரப் போய் விழணும், அப்பத்தான் போடுறதா வேண்டாமான்னு யோசிப்பாங்களாம். டெலீட் பண்ண மனசு வராம நான் ஒளிச்சு வச்சிருந்ததை எப்படிக் கண்டுபிடிச்சான்னு தெரியல.

நேத்து ராத்திரி 340 வரியில 290 போச்சு. வெயில் போச்சு, மேடு போச்சு, ரோடு சும்மா ரோடு ஆயிடுச்சு. பட்டை காலியானா எத்தனை விநாடியில நிரம்பணும்ங்கறதுல இன்னும் சண்டை ஓயல. நான் மூணுங்கறேன், அவன் ரெண்டுங்கறான். இப்போதைக்கு 2.4ல நிக்குது. இதை எழுதிட்டு இருக்கும்போது அவன் பக்கத்துல உட்கார்ந்து ரெண்டாவது குகையில ஆடிட்டு இருக்கான். காலணியை மாட்டிக்கிட்டு ஒரு பூதத்தை உதைச்சதுல அது சுவத்துக்குள்ள போய் மாட்டிக்கிச்சாம். கூப்பிடுறான், என் பக்கத்து பக்தான். போய்ப் பார்த்துட்டு வர்றேன்.